அம்மோனைட் புதைபடிவம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அம்மோனைட் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லாமல், கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. இது நத்தையா, சங்கா? பார்த்தா சுருண்ட நத்தை மாதிரிதானே இருக்கு?

இரண்டும் இல்லை. கணவாய், ஆக்டோபஸ், நாட்டிலஸ் ஆகியவை அடங்கிய தலைக்காலிகள் வகுப்பைச் சேர்ந்த கடல் உயிரி இது. நத்தையின் ஓடு வாயிலிருந்து நுனிவரை ஒரே குழல். அம்மோனைட்டின் ஓட்டுக்குள் வரிசையாகத் தடுப்புச்சுவர்கள் இருக்கும். வாய்ப்பக்கம் இருக்கும் கடைசிப் பெரிய அறையில்தான் உயிர் குடியிருந்தது. வளர வளர முன்னே நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும். பின்னால் விட்ட அறைகளை ஊடுருவிச் செல்லும் மெல்லிய குழாயின் திசு அங்கிருந்த நீரை உறிஞ்சிவிட, வாயு நிறைந்த அறைகள் ஓட்டின் எடையைத் தாங்கும்.

அந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்த்தாலே நாட்டிலஸிலிருந்து பிரித்துவிடலாம். நாட்டிலஸில் அது தடுப்புச்சுவரின் நடுவே போகும். அம்மோனைட்டில் சுருளின் வெளி விளிம்பை ஒட்டிப் போகும். ஆட்டுக்கடாக் கொம்புடைய எகிப்தியக் கடவுள் அம்மோனின் பெயரிலிருந்து வந்தது இதன் பெயர். ரோமானிய எழுத்தாளர் பிளினி இவற்றை ‘அம்மோனின் கொம்புகள்’ என்றே குறித்திருக்கிறார்.

2. எவ்வளவு வயசு இருக்கும்? கடைக்காரர் 40 கோடி வருஷம்கிறார், இன்னொருத்தர் 10 கோடிங்கிறார்.

இரண்டும் சரியாக இருக்கலாம். பரந்த பொருளில் அம்மோனாய்டுகள் டெவோனியன் காலத்தில், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு மறைந்தன. கண்டிப்பான பொருளில் ‘அம்மோனைட்’ என்பது ஜுராசிக், கிரெட்டேசியஸ் கால வடிவங்களை, அதாவது சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு இப்பால் வாழ்ந்தவற்றையே குறிக்கும். மொராக்கோவிலிருந்து மெருகேற்றி வரும் கறுப்பு, பழுப்புச் சுருள்களில் பல கோனியடைட்கள். அவை அந்தப் பழைய டெவோனியன் உறவுகள். மடகாஸ்கரிலிருந்து வெட்டி மெருகிட்டு ஜோடியாக வரும் கிளியோனிசெராஸ் சுமார் 11 கோடி ஆண்டுப் பழசு. எந்தக் காலத்தது என்பதற்கு அடுத்த கேள்வியில் ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது.

3. மேலே இலை மாதிரி, பாசி படர்ந்த மாதிரி கோடு கோடா இருக்கே. செடி பதிஞ்சிருக்கா?

செடி இல்லை, தையல் கோடு. கேள்வி 1-ல் சொன்ன தடுப்புச்சுவர் ஓட்டின் உட்புறத்தைத் தொடும் விளிம்புதான் அது. சுவரின் நடுப்பகுதி ஓரளவு சமமாக இருந்தாலும், விளிம்பு புடவைக் கொசுவம்போல மடிந்து மடிந்து ஓட்டோடு சேரும். ஓடு உரிந்து, உள்ளே நிறைந்து இறுகிய கல் வெளியே தெரியும்போது மட்டுமே இந்தக் கோடு கண்ணில் படும். ஓடு அப்படியே இருக்கும் மாதிரியில் தேடினால் கிடைக்காது.

கோட்டின் வடிவம் காலத்தைச் சொல்லும். வெறும் வளைவும் முனையுமாக மின்னல் கீற்றுபோல ஓடினால் பெரும்பாலும் கோனியடைட், பழைய உயிர்க் காலம். மேல் வளைவுகள் வழவழப்பாகவும் கீழ் வளைவுகள் ரம்பப் பல் போலவும் இருந்தால் செரடைட், பெரும்பாலும் ஜுராசிக்குக்கு முந்தைய டிரையாசிக் காலம். மேலும் கீழும் இலை விளிம்புபோலப் பிரிந்து பிரிந்து போனால் அம்மோனைட். விதிவிலக்குகள் உண்டு. கிரெட்டேசியஸ் காலத்திலேயே சில இனங்கள் செரடைட் போன்ற எளிய கோட்டுக்குத் திரும்பியிருக்கின்றன. அதனால் கோட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

4. என்கிட்ட இருக்கறது நிஜ ஓடா, இல்ல வெறும் கல்லா?

உயிரோடு இருந்தபோது ஓடு அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது. களிமண் பாறைக்குள் நீர் புகாமல் அடைபட்டுக் கிடந்தால் அந்த அரகோனைட்டே தங்கிவிடும். முத்துச்சிப்பியின் உட்புறம்போல நிறம் மாறி மின்னுவது அதனால்தான். பெரும்பாலான இடங்களில் அது கால்சைட் என்ற இன்னொரு சுண்ணாம்புக் கனிமமாக மாறிவிடுகிறது. மின்னல் போய்விடும், வடிவம் நிற்கும். ஆக்சிஜன் இல்லாத கடற்சேற்றில் புதைந்தவற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் உட்புறத்தை நிறைத்தோ ஓட்டின் இடத்தைப் பிடித்தோ பொன்னிறமாகத் தெரியும். ஓடு முழுதும் கரைந்து உள்ளே நிறைந்த சேறு மட்டும் கல்லாகியிருந்தால் அது உள்வார்ப்பு. உள்வார்ப்பும் முறையான புதைபடிவமே. தையல் கோட்டைப் படிக்க அதுதான் வேண்டும்.

5. வெட்டின பாதியில சில அறையில படிகம், சில அறையில மண். இது கலப்படமா?

இல்லை, நல்ல அறிகுறி. குடியிருப்பு அறை திறந்தே இருந்ததால் அதில் சேறு புகுந்தது. உள் அறைகளில் ஓடு உடைந்த இடத்தில் மட்டும் சேறு நுழைந்திருக்கும். உடையாத அறைகள் காலியாகவே புதைந்து, பின்னர் நிலத்தடி நீரிலிருந்த கால்சைட் சுவரிலிருந்து உள்நோக்கிப் படிகமாக வளர்ந்தது. நடுவில் சின்னக் குழி மிச்சமிருந்தால், வளர்ச்சி பாதியில் நின்றது என்று பொருள்.

ஒரே அறையில் பாதி சேறும் பாதி படிகமும் இருந்தால் அதைக் கவனித்துப் பாருங்கள். இரண்டும் சந்திக்கும் கோடு அன்றைய கடலடியின் கிடைமட்டம். சேறு இருக்கும் பக்கம் கீழ். மலைகள் மடிந்து தலைகீழாகிப்போன பாறை அடுக்குகளில் எது மேல், எது கீழ் என்று நிலவியலாளர்கள் கண்டுபிடிக்க உதவும் தடயங்களில் இதுவும் ஒன்று.

6. எல்லா அம்மோனைட்டும் வட்டச் சுருள்தானா? நேரான குச்சி மாதிரி ஒண்ணை அம்மோனைட்னு விக்கிறாங்க.

நேரானவையும் உண்டு. பாக்குலைட்ஸ் குச்சிபோல நீண்டது. டூரிலைட்ஸ் திருகு சுருளாக ஏறும். ஜப்பானில் கிடைத்து 1904-ல் பெயரிடப்பட்ட நிப்போனைட்ஸ் சிக்கலான முடிச்சுபோல வளைந்து வளைந்து போகும். அது நோயுற்ற ஒரு உயிரின் குறை வளர்ச்சி அல்ல. அதே வளைவு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறது.

ஆனால் மொராக்கோவின் கறுப்புக் கல்லில் வெள்ளைக் குச்சிகளாகத் தெரியும் ‘ஆர்த்தோசெராஸ்’ அம்மோனைட் அல்ல. அவை நாட்டிலஸ் பக்கத்துப் பழைய உறவுகள். குழாய் நடுவில் ஓடுவதையும் தடுப்புச்சுவர் மடிப்பின்றி எளிய கிண்ணமாக இருப்பதையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

7. இதுவரை கிடைச்சதுல பெரிசு எது?

1895-ல் ஜெர்மனியின் செப்பன்ராடேயில் கிடைத்த பாராபுசோசியா. விட்டம் சுமார் 1.74 மீட்டர், அதுவும் குடியிருப்பு அறையின் ஒரு பகுதி இல்லாமலேயே. மியூன்ஸ்டர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

8. சின்னதா இருந்தா குட்டி அம்மோனைட்டுனு சொல்றாங்களே?

பெரும்பாலும் தவறு. ஒரே இனத்தில் பெரியதும் சின்னதுமாக இரு வடிவங்கள் உண்டு என்பது 1960-களில் உறுதியானது. பெரியது பெண், சிறியது ஆண் என்று கொள்கிறார்கள். சிறிய வடிவத்தில் பல நேரம் வாயின் இருபுறமும் நாக்குபோன்ற நீட்சி இருக்கும்.

முழு வளர்ச்சி அடைந்ததா என்பதற்குச் சோதனை: கடைசி இரண்டு மூன்று தையல் கோடுகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். வளர்ச்சி நிற்கும் தறுவாயில் சுவர்களை நெருக்கி நெருக்கி எழுப்பும். கடைசிக் கோடுகள் நெருங்கியிருந்தால், அளவு 2 சென்டிமீட்டரே ஆனாலும் அது வளர்ந்த உயிரி. நிஜமான குட்டி முட்டையிலிருந்து வரும்போது ஓடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான்.

9. அழகா இருக்கு, சரி. விஞ்ஞானத்துக்கு இதனால என்ன பிரயோஜனம்?

பாறையின் காலத்தைச் சொல்லும் கடிகாரம் என்பதுதான் முதல் பயன். இந்த வேலைக்கு ஒரு புதைபடிவம் நான்கு தகுதிகளோடு இருக்க வேண்டும்: ஏராளமாகக் கிடைக்க வேண்டும், பரந்த கடற்பரப்பில் வாழ்ந்திருக்க வேண்டும், வேகமாக மாறியிருக்க வேண்டும், பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும். நான்கும் சேர்ந்து அமைந்தவை அதிகம் இல்லை, அம்மோனைட்டுக்கு அமைந்தது. ஜெர்மானியரான ஆல்பர்ட் ஓப்பல் 1856 முதல் 1858 வரை வெளியிட்ட ஆய்வில் ஜுராசிக் பாறைகளை இவற்றைக் கொண்டு மண்டலங்களாக, அதாவது குறிப்பிட்ட இனங்களால் அடையாளம் தெரியும் அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார். சுமார் 5.6 கோடி ஆண்டு நீண்ட ஜுராசிக் காலம் வடமேற்கு ஐரோப்பாவில் இன்று எழுபதுக்கும் மேற்பட்ட அம்மோனைட் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சராசரியாக ஒரு மண்டலம் பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைவு. ஜுராசிக்கின் தொடக்கத்தைக் குறிக்கும் உலக எல்லைப் புள்ளி ஆஸ்திரியாவின் கூயோக்கில் இருக்கிறது. சைலோசெராஸ் ஸ்பெலே என்ற அம்மோனைட் அங்கே முதன்முதலாகத் தோன்றும் அடுக்கே அந்த எல்லை. 2010-ல் அது ஏற்கப்பட்டது.

இரண்டாவது, பழங்காலத்தில் நிலங்கள் எங்கே இருந்தன என்ற வரைபடம். அரியலூர், புதுச்சேரிப் பகுதிகளின் கிரெட்டேசியஸ் அம்மோனைட்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-லும், ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860-களிலும் விவரித்தார்கள். அரியலூரின் பெயரைத் தாங்கிய அனபாகிடிஸ்கஸ் அரியலூரென்சிஸ் அப்படிப் பெயர் பெற்றதுதான். தென்னிந்தியாவிலும் மடகாஸ்கரிலும் ஒரே இனங்கள் கிடைப்பது, இரண்டு நிலமும் ஒரே கடற்கரை உலகத்தில் இருந்ததற்குச் சாட்சி. மூன்றாவது, வெப்பநிலை. மாறாத அரகோனைட் ஓட்டிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் அன்றைய கடல் நீரின் வெப்பத்தைக் காட்டும். ஓடு கால்சைட்டாக மாறிவிட்டால் (கேள்வி 4) அந்தக் கணக்கு செல்லாது. மின்னும் ஓட்டை ஆய்வாளர்கள் மதிப்பது அழகுக்காக மட்டும் அல்ல.

10. கார்பன் டேட்டிங் பண்ணி வயசைக் கண்டுபிடிச்சிடலாமே?

முடியாது. கார்பன்-14 சுமார் 50,000 ஆண்டுகளுக்குள் அளவிட முடியாத அளவுக்குத் தேய்ந்துவிடும். அம்மோனைட் அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் பழசு. ‘கார்பன் சோதனைச் சான்றிதழ்’ என்று தாள் கொடுத்து விற்றால் வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது.

ஆண்டுக்கணக்கு வருவது எரிமலைச் சாம்பலிலிருந்து. கடலடியில் படிந்த சாம்பல் அடுக்கிலுள்ள சிர்க்கான் படிகங்களில் யுரேனியம் காரீயமாக மாறிய அளவை அளக்கிறார்கள். அதற்கு மேலும் கீழும் கிடைக்கும் அம்மோனைட்கள் அந்த எண்ணைப் பெற்றுக்கொள்கின்றன. பிறகு சாம்பலே இல்லாத வேறொரு கண்டத்தில் அதே இனம் கிடைத்தால், அந்தப் பாறைக்கும் வயது கிடைத்துவிடுகிறது.

11. நாட்டிலஸ் இன்னிக்கும் இருக்கே. அது தப்பிச்சு இது மட்டும் ஏன் அழிஞ்சது?

குஞ்சின் அளவில் ஒரு விடை இருக்கிறது. நாட்டிலஸ் பெரிய முட்டைகளைச் சிலவாக இடும். குஞ்சு 2 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட ஓட்டோடு, முட்டையில் சேமித்த உணவோடு வெளிவரும். அம்மோனைட் குஞ்சு கேள்வி 8-ல் சொன்ன 1 மில்லிமீட்டர்க்காரன். கடலின் மேற்பரப்பில் மிதவை உயிரிகளோடு மிதந்து, அவற்றையே தின்று வளர வேண்டும். விண்கல் மோதி இருள் சூழ்ந்து, மிதவை உயிரிகள் மடிந்து, மேற்பரப்பு நீர் அமிலமானபோது முதலில் அடிபட்டது இந்தக் குஞ்சுகள் வாழ்ந்த இடம்தான். டென்மார்க்கின் ஸ்டெவன்ஸ் பாறைமுகத்தில், மோதல் அடுக்குக்குச் சற்று மேலேயும் சில அம்மோனைட்கள் கிடைத்திருக்கின்றன. ஒரு சில இனங்கள் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தன என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

12. படத்துல கணவாய் மாதிரி கையோட வரையறாங்களே, அது நிஜமா?

கைகளின் எண்ணிக்கையும் நீளமும் ஓவியரின் ஊகம். தசை, தாடை பற்றிய செய்திகளுக்கு ஆதாரம் உண்டு. 2011-ல் பாக்குலைட்ஸ் ஒன்றை வலுவான எக்ஸ் கதிரால் ஊடுருவிப் பார்த்தபோது, தாடைக்கு இடையே நுண்ணிய பற்களின் வரிசையும் சிறு மிதவை உயிரிகளின் துண்டுகளும் தெரிந்தன. 2021-ல் வெளியான ஆய்வொன்று ஜுராசிக் கால சிகலோசெராஸின் தசைகளை நியூட்ரான் கதிர்களைக் கொண்டு காட்டியது. பற்களின் அமைப்பு நாட்டிலஸை விடக் கணவாய்க்கே நெருக்கமானது. ஓட்டைப் பார்த்தால் நாட்டிலஸின் தம்பிபோலத் தோன்றினாலும், உறவு கணவாய்ப் பக்கம்தான்.

13. சாளக்கிராமமும் அம்மோனைட்டும் ஒண்ணா?

நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் கறுப்பு உருண்டைக் கற்கள் பலவற்றில் சக்கரமாகத் தெரிவது அம்மோனைட் சுருளின் பதிவே. ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில் டெதிஸ் என்ற பழங்காலக் கடலின் அடியில், சேற்றில் புதைந்த ஓட்டைச் சுற்றிக் கனிமம் இறுகி உருண்டையானது. அந்தக் கடலடிதான் மேலெழுந்து இன்று இமயமலையாக நிற்கிறது. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் கடல் உயிரி கிடைப்பது, கண்டங்கள் நகர்ந்து மோதியதற்குக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்று.

14. போலியை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதலில் 10 மடங்கு லென்ஸ். ரெசின் வார்ப்பில் ஊசிமுனை அளவு காற்றுக் குமிழிகளும் விளிம்பில் அச்சுக் கோடும் தெரியும். அடுத்து, சுருளின் வளர்ச்சி. நிஜத்தில் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட ஒரே விகிதத்தில் அகலும். உளியால் செதுக்கியதில் சுற்றுகள் கயிறு சுற்றியதுபோல ஒரே தடிமனாக இருக்கும், அல்லது நடுச்சுற்று மொழுமொழுவென்று காணாமல் போகும். தையல் கோட்டைப் போலி செய்பவர்கள் ஒழுங்காகச் செய்வதில்லை. ஒவ்வொரு கோடும் முந்தையதன் வளர்ந்த பிரதியாக இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிய ஜோடி என்றால் இரண்டு பாதியிலும் அறைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை பொருந்தி, ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பமாக இருக்க வேண்டும்.

நம்பகமான சோதனை அடர்த்தி. 0.1 கிராம் காட்டும் தராசில் கல்லை எடை போடுங்கள். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தெரியும் கிராம் எண்ணே கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். எடையை அதால் வகுக்க வேண்டும். 135 கிராம் கல் 50 காட்டினால் அடர்த்தி 2.7, கால்சைட். அரகோனைட் 2.9, ரெசின் 1.1 முதல் 1.2. கல்தூள் கலந்த ரெசின் 2 வரை போகலாம். வெற்று அறைகள் உள்ள நிஜ மாதிரியும் குறைவாகக் காட்டும் என்பதால், எண் இடையில் வந்தால் லென்ஸுக்குத் திரும்புங்கள். பொன்னிற பைரைட் மாதிரியை மட்டும் நீரில் இறக்காதீர்கள். காரணம் கேள்வி 16-ல்.

15. ஒட்டு போட்டது தெரியுது. அப்போ போலிதானே?

அவசியமில்லை. அம்மோனைட் பெரும்பாலும் கடினமான உருண்டைக் கல்லுக்குள் இருக்கும். சுத்தியலால் பிளக்கும்போது அது நாலைந்து துண்டாவது சாதாரணம், அதே துண்டுகளை ஒட்டுவது நேர்மையான வேலை. விரிசலில் ரெசின் நிரப்பி மெருகிடுவதும் வழக்கம். விற்பவர் அதைச் சொல்ல வேண்டும். புற ஊதா விளக்கை இருட்டில் பிடித்தால் பல பசைகள் நீலவெள்ளையாக ஒளிரும், எவ்வளவு ஒட்டு என்று தெரிந்துவிடும்.

ஏமாற்று என்பது வேறு: ஒரு மாதிரியின் உட்சுருளோடு இன்னொன்றின் வெளிச்சுருளைச் சேர்ப்பது, வேறு கல்லில் குழி தோண்டிப் பதிப்பது. சுருளைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் நிறமும் மணலின் பருமனும் மாறியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

16. பொன்னிற அம்மோனைட்ல வெள்ளைப் பொடி பூத்து, அட்டைப்பெட்டி கருகின மாதிரி ஆயிடுச்சு. என்ன பண்றது?

பைரைட் சிதைவு. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து பைரைட்டை இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாற்றுகின்றன. அந்த அமிலம்தான் பெட்டியைத் தின்றது, பெயர்ச்சீட்டையும் தின்னும். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் வேகமெடுக்கும்.

உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். கழுவாதீர்கள். உலர்ந்த மெல்லிய தூரிகையால் பொடியைத் தட்டி எடுத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடும் சின்ன ஈரப்பத மானியோடும் மூடுங்கள். அளவு 40 சதவீதத்துக்குக் கீழ் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் ஓரிரு மணி நேரம் சூடாக்கித் திரும்பப் போடலாம். மேலே வார்னிஷ் அடித்தால் நின்றுவிடும் என்பது பரவலான தவறு. உள்ளே மாட்டிக்கொண்ட அமிலமும் ஈரமும் வேலையைத் தொடரும், பொடி உப்பி வார்னிஷையே வெடிக்க வைக்கும். விரிசல் ஆழமாகப் போயிருந்தால் அருங்காட்சியகப் பராமரிப்பாளரிடம் காட்டுங்கள். அமிலத்தை நீக்கும் வேதிக் கலவைகள் அவர்களிடம் உண்டு.

17. வினிகர் ஊத்திக் கழுவினா பளிச்சுனு ஆகும்னாங்களே?

ஆகும், ஓடு கரைவதால். கால்சைட்டும் அரகோனைட்டும் அமிலத்தில் பொங்கிக் கரையும். முதலில் போவது மெல்லிய விலாக்கோடுகள். கால்சைட் மாதிரிக்குச் சாதா நீரும் மெல்லிய பல் தூரிகையும் போதும், பிறகு நிழலில் உலர்த்துங்கள். மின்னும் அரகோனைட்டுக்கு உலர்ந்த தூரிகை மட்டும், ஊறவைத்தால் அடுக்கடுக்காக உரியும். ஓக் மர அலமாரியையும் தவிர்க்க வேண்டும். அந்த மரம் அசிட்டிக் அமில ஆவியை மெல்ல விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய இழுப்பறைக்குள் அதுவும் வினிகர்க் குளியல்தான்.

18. அம்மோலைட் நகைனு விக்கிறாங்க. அது வேறயா?

கனடாவின் ஆல்பர்ட்டாவில், பேர்பா பாறை அடுக்கில் கிடைக்கும் பிளசென்டிசெராஸ் போன்ற அம்மோனைட்களின் அரகோனைட் ஓடுதான். 1981-ல் ரத்தினமாக அங்கீகாரம் பெற்றது. ஓடு மிக மெல்லியது, கடினம் 10 வரை போகும் மோஸ் அளவுகோலில் 4 அளவில்தான். அதனால் பெரும்பாலும் கறுப்புக் கல் மேல் ஒட்டி, மேலே குவார்ட்ஸ் மூடி போட்டு விற்கிறார்கள். மூன்று அடுக்கு என்று சொல்லி விற்றால் அது நேர்மையான பொருள்.

19. வெளிநாட்டுலேருந்து வாங்கினா சட்டச் சிக்கல் வருமா?

வரக்கூடும். 1970-ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஒப்பந்தம் பண்பாட்டுச் சொத்துகளின் பட்டியலில் தொல்லுயிரியல் பொருள்களையும் சேர்த்திருக்கிறது. பிரேசிலில் 1942 முதல் புதைபடிவம் அரசின் உடைமை. ஆல்பர்ட்டாவில் மாகாணத்தை விட்டு வெளியே கொண்டுபோகச் சான்றிதழ் வேண்டும். வாங்குமுன் ஏற்றுமதி அனுமதியின் நகலைக் கேளுங்கள். அந்தத் தாளில் பெரும்பாலும் இடத்தின் பெயரும் இருக்கும் என்பதால் அடுத்த கேள்விக்கும் அது உதவும்.

20. என்கிட்ட இருக்கற ஒண்ணு விஞ்ஞானத்துக்கு உதவுமா? இவ்வளவு அழகா இருக்கே.

அழகுக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. எந்த ஊர், எந்தப் பாறை முகம், கீழிருந்து எத்தனையாவது மீட்டரில் எடுத்தது என்ற சீட்டோடு இருக்கும் அரைத் துண்டு, இடம் தெரியாத பளபளப்பான முழுச் சுருளை விட மேல். கேள்வி 9-ல் சொன்ன கடிகாரம் ஓடுவதே ‘எந்த அடுக்கு’ என்ற செய்தியால்தான். மெருகேற்றும்போது விலாக்கோடும் முனைகளும் போய்விடுவதால் இனத்தின் பெயரைச் சொல்வதும் கடினமாகிறது. இருந்தாலும் வெட்டிய பாதியில் சுவர் இடைவெளியை அளக்கலாம். அதற்கு மதிப்பு உண்டு.

சீட்டில் எழுத வேண்டியவை: இடம், முடிந்தால் அட்சரேகை தீர்க்கரேகை, பாறை அடுக்கின் பெயர், அடுக்கில் இருந்ததா, கீழே விழுந்து கிடந்ததா, எடுத்த அல்லது வாங்கிய தேதி, எவரிடமிருந்து வந்தது. மாதிரியின் எண்ணை அடிப்பக்கம் ஒரு துளி பாரலாய்டு பி-72 (அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நிறமற்ற அக்ரிலிக் பூச்சு) பூசி, காய்ந்தபின் அதன்மேல் எழுதுங்கள். அசிட்டோனால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். நான்கு அளவுகளையும் குறித்து வையுங்கள்: முழு விட்டம், நடுக்குழியின் அகலம், கடைசிச் சுற்றின் உயரம், அதன் தடிமன். எந்த நூலில் இனத்தைத் தேடினாலும் இந்த நான்கின் விகிதத்தில்தான் தொடங்குவார்கள். புதிய இனமாக இருக்கலாம் என்று நிபுணர் ஒருவர் சொன்னால், பெயரிடுமுன் அதைப் பொது அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கக் கேட்பார். மற்ற ஆய்வாளர்கள் பிற்காலத்தில் அதை எடுத்துப் பார்த்து, சொன்னது சரியா என்று சோதிக்க வேண்டுமே.